ஞாபகம் எப்படி வருகிறது: நாவல்களிடம் கேட்டுப் பார்த்த பேராசிரியர்

'எனக்கு ஞாபகம் வந்தது' என்று சொல்கிறோம், யாரோ விருந்தாளி வந்த மாதிரி. நாம் கூப்பிட்டோமா இல்லையா என்ற பேச்சே அந்த வாக்கியத்தில் கிடையாது. 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஓரமாக நின்றுகொண்டு, வருவதை வாங்கிக்கொள்வதோடு நம் வேலை முடிந்தது. அதுவே சாவியை எங்கே வைத்தோம் என்று தேடும்போது 'ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன்' என்கிறோம், இப்போது வினை நம் கையில். இரண்டும் வேறு வேறு காரியங்கள் என்பது மொழிக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. ஆனால் தானாக வரும் அந்த முதல் வகையை ஆய்வுக்கூடங்கள் நெடுங்காலம் கிட்டத்தட்ட ஒதுக்கியே வைத்திருந்தன. காரணம் எளிது: தானாக வருவதை ஒரு புதன்கிழமை காலை 10 மணிக்கு வரச் சொல்லிச் சோதிக்க முடியாது. அந்த இடைவெளியில் அதைப் பற்றி விரிவாக, பொறுமையாக எழுதி வைத்தவர்கள் எழுத்தாளர்கள்.

அந்தக் குறிப்புகளை எல்லாம் எடுத்து, மூளை பற்றி இன்று தெரிந்தவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்டவர் சூசன் நல்பான்டியன். அமெரிக்காவில் லாங் ஐலன்ட் பல்கலைக்கழகத்தின் ஒப்பிலக்கியப் பேராசிரியர். (தமிழில் எழுதினால் ஏதோ நல்ல பாண்டியன் போலத் தெரிகிறது, உண்மையில் அது ஆர்மீனியக் குடும்பப் பெயர்.) 2003இல் அவர் எழுதிய 'மெமரி இன் லிட்ரேச்சர்' என்ற புத்தகம் 18ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ரூசோவில் ஆரம்பித்து நரம்பியலில் வந்து முடிகிறது. 2011இல் பால் மேத்யூஸ் என்ற நரம்பியல் மருத்துவரையும் ஜேம்ஸ் மெக்லெலண்ட் என்ற உளவியலாளரையும் சேர்த்துக்கொண்டு 'தி மெமரி ப்ராசஸ்' என்ற பெரிய கட்டுரைத் தொகுப்பை எம்.ஐ.டி. பிரஸ் வழியாகக் கொண்டுவந்தார். 2019இல் மேத்யூஸோடு சேர்ந்து படைப்பாற்றல் பற்றி இன்னொரு தொகுப்பு.

இலக்கியமும் நினைவும் என்று யாராவது கட்டுரை எழுதினால் பெரும்பாலும் எழுத்தாளர் எதை நினைவில் வைத்திருந்தார் என்பதுதான் பேச்சு: பால்யம், போர், பிரிந்த வீடு, செத்துப்போன அம்மா. நல்பான்டியன் அதைத் தாண்டிப் போய் வேறு ஒன்றைக் கேட்கிறார். அந்த நினைவு எப்படி வந்தது? எது தூண்டியது, கண்ணா மூக்கா நாக்கா? ஒரே மூச்சில் வந்ததா, துண்டு துண்டாகவா? வருவதற்கு முன்னால் உடம்பில் என்ன நடந்தது? இப்படிக் கேட்டால் ஒரு நாவலின் பக்கம் கிட்டத்தட்ட நோயாளியின் விவரக்குறிப்பு மாதிரி ஆகிவிடுகிறது, அதுவும் அசாதாரணமாகத் தன்னைக் கவனிக்கத் தெரிந்த ஒரு நோயாளி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'விஞ்ஞானம் இன்று கண்டுபிடித்ததை எழுத்தாளர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள்' என்று ஒரு வசனம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எழுத்தாளருக்கு நரம்பணு பற்றி ஒன்றும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவர்கள் விட்டுப்போனது தீர்க்கதரிசனம் இல்லை, தகவல். தீர்க்கதரிசனம் என்றால் கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம். தகவல் என்றால் குறுக்கு விசாரணை செய்யவேண்டும். நல்பான்டியனின் வேலையில் எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவதற்கு அது இடம் கொடுப்பதுதான், அவரே சில இடங்களில் எழுத்தாளர்கள் மேல் இருக்கும் பிரியத்தில் கொஞ்சம் சாய்ந்துவிட்டாலும்.

ரூசோவையே எடுத்துக்கொள்வோம். தன் சுயசரிதையின் ஆறாம் பகுதியில் ஒரு பூவைப் பற்றி எழுதுகிறார். இளைஞனாக இருந்தபோது, தன்னை ஆதரித்த மதாம் தெ வாரன்ஸோடு ஒரு நாட்டுப்புற வீட்டுக்குப் போகும் வழியில், அந்த அம்மாள் வேலியோரம் ஏதோ நீலமாகத் தெரிவதைப் பார்த்து 'அதோ, பெரிவிங்கிள் இன்னும் பூத்திருக்கிறது' என்கிறார். (நித்தியகல்யாணிக்கு உறவுக்காரச் செடி, நீலப் பூ.) ரூசோவுக்குக் கிட்டப்பார்வை, நின்றபடி தரையில் இருக்கும் செடியை அடையாளம் காண முடியாது, குனிந்து பார்க்கவும் இல்லை, போகிற போக்கில் ஒரு பார்வை, அவ்வளவுதான். அப்புறம் கிட்டத்தட்ட 30 வருடம் அந்தப் பூவை அவர் பார்க்கவே இல்லை, அல்லது பார்த்தும் கவனிக்கவில்லை. 1764இல் ஒரு நண்பரோடு மலை ஏறும்போது புதர்களுக்கு நடுவே எட்டிப் பார்க்கிறார், சந்தோஷத்தில் கத்திவிடுகிறார். கூட வந்த நண்பருக்கு அவர் சந்தோஷம் தெரிகிறது, காரணம் தெரியவில்லை.

இதில் நான் நின்று யோசித்த இடம் அவர் குனிந்து பார்க்காததுதான். கவனமாகப் பார்த்தது ஆழமாகப் பதியும் என்பது பாடப்புத்தகம் சொல்வது, அது பெரும்பாலும் சரியும்கூட. ஆனால் இங்கே பதிந்திருப்பது பூ இல்லை. அந்தப் பெண், அந்த வழி, அந்த வயதில் இருந்த சந்தோஷம், இதெல்லாம் பதிந்து, பூ அதில் ஒரு கைப்பிடி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. 30 வருடம் கழித்துக் கைப்பிடியைப் பிடித்ததும் கதவே திறக்கிறது. மூளையில் நெற்றிப்பொட்டுக்கு உள்பக்கமாக ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி, கிரேக்கத்தில் கடல்குதிரை என்று பொருள், வளைந்த வடிவத்தால் வந்த பெயர். அதன் முன்னால் ஒட்டினாற்போல அமிக்டலா, பாதாம் பருப்பு. ஒரு நிகழ்ச்சியின் எங்கே, எப்போது, யாரோடு என்பதையெல்லாம் ஒன்றாக முடிச்சுப் போடுவது கடல்குதிரையின் வேலை. இது முக்கியம், விட்டுவிடாதே என்று உணர்ச்சியின் பக்கமிருந்து அழுத்தம் கொடுப்பது பாதாமின் வேலை. கொஞ்சம் எளிமைப்படுத்தித்தான் சொல்கிறேன், ஆனால் அடிப்படை இது.

உணர்ச்சி ஒரு வழியிலும் விவரம் இன்னொரு வழியிலும் தங்கலாம் என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு, ரூசோ பிறந்த அதே ஜெனீவாவில் நடந்தது. எட்வார் கிளாபரேட் என்ற மருத்துவர் 1911இல் எழுதியது. புதிதாக எதுவும் நினைவில் தங்காத ஒரு பெண் நோயாளியிடம் கை கொடுக்கும்போது விரல்களுக்கு நடுவே ஒரு குண்டூசியை ஒளித்து வைத்துக் குத்தினார். சிறிது நேரத்தில் அந்தப் பெண்ணுக்குக் குத்தியது மறந்துபோனது. ஆனால் அடுத்து அவர் கையை நீட்டினால் அந்தப் பெண் தன் கையை இழுத்துக்கொண்டார், ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இந்தச் சோதனையை அனுமதிக்காது என்பது வேறு விஷயம்.

சரி, பிரெஞ்சு நாவலாசிரியர் ப்ரூஸ்டுக்கு வருவோம், அவரைத் தவிர்த்துவிட்டு இந்தப் பேச்சைப் பேச முடியாது. அவருடைய 'இழந்த காலத்தைத் தேடி' நாவலின், 1913இல் வந்த முதல் பாகத்தில், தேநீரில் நனைத்த மாட்லென் கேக்கை வாயில் வைத்ததும் பால்யம் முழுவதும் திரும்பி வந்துவிட்டது என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த சுருக்கம். ஏழு பாகத்தையும் படிக்காதவர்களுக்குக்கூட அது தெரியும். (நானும் நடுவில் இரண்டு முறை விட்டுவிட்டு ஓடியவன்தான்.) ஆனால் அந்தச் சில பக்கங்களை நிதானமாகப் படித்தால் சுருக்கம் தப்பு என்று தெரியும்.

கதைசொல்லிக்கு முதல் வாய் பட்டதும் வருவது நினைவே இல்லை. ஒரு சந்தோஷம், காரணம் தெரியாத பெரிய சந்தோஷம். எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாமல் இரண்டாவது வாய் குடிக்கிறான், முதலில் வந்ததற்கு மேல் எதுவும் இல்லை. மூன்றாவதில் இன்னும் குறைவு. உடனே கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, விஷயம் பானத்தில் இல்லை, என்னிடம்தான் இருக்கிறது என்று தனக்குள்ளே தேட ஆரம்பிக்கிறான். பக்கத்து அறைச் சத்தம் கேட்காமல் காதைப் பொத்திக்கொள்கிறான், பலிக்கவில்லை. கொஞ்ச நேரம் வேறு எதையாவது நினைத்து மனதுக்கு ஓய்வு கொடுக்கிறான், திரும்பவும் முயல்கிறான். பத்து முறையாவது குனிந்து தேட வேண்டியிருக்கிறது. கடைசியில்தான், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அத்தை லெயோனி தன் பானத்தில் நனைத்துக் கொடுத்த துண்டு அது என்று துலங்குகிறது. அதன் பிறகு வீடு, தோட்டம், தெரு, ஊர் எல்லாம் கோப்பைக்குள்ளிருந்து எழும்பி வருகின்றன. தண்ணீரில் போட்டால் விரிந்து பூவாகவும் வீடாகவும் ஆகிற ஜப்பானியக் காகிதத் துண்டுகளை அவர் உவமையாகச் சொல்கிறார்.

இதற்குள் ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்த பல விஷயங்கள் ஒன்றாகக் கிடக்கின்றன. உணர்ச்சி முன்னால், விவரம் பின்னால் என்பது ஒன்று. அதைவிட நுணுக்கமானது இன்னொன்று: அந்தக் கேக்கைப் பார்த்தபோது எதுவும் ஞாபகம் வரவில்லை, ருசித்த பிறகுதான் வந்தது என்று அவரே சொல்லி, காரணமும் சொல்கிறார். கடைகளின் தட்டுகளில் அதை எத்தனையோ முறை பார்த்தாகிவிட்டது, அதனால் அதன் உருவம் பழைய நாட்களிலிருந்து கழன்று சமீப நாட்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, ருசி மட்டும் இடையில் பயன்படுத்தப்படாமல் இருந்தது. உளவியலில் 1975இல் வாட்கின்ஸ் தம்பதியர் இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள், குறிப்புச் சுமை என்று சொல்லலாம். ஒரு குறிப்பில், அதாவது ஞாபகத்தைத் தூண்டும் ஒன்றில், எத்தனை அதிக நினைவுகள் தொங்குகின்றனவோ அந்த அளவுக்கு அதில் ஏதாவது ஒன்றை மட்டும் இழுத்து எடுக்கும் சக்தி அதற்குக் குறைந்துவிடும். தினமும் கேட்கிற பாட்டு எதையும் கிளறுவதில்லை, 20 வருடம் கேட்காமல் இருந்த பாட்டு ஆளைப் புரட்டிப் போட்டுவிடுகிறது. ரூசோவின் பூவும் அப்படித்தான், 30 வருடம் அதில் வேறு எதுவும் தொங்கவில்லை.

மூக்கின் விஷயமும் இதில் சேர்கிறது. ருசி என்று நாம் சொல்வதில் பெரும் பங்கு வாசனைதான், வாய்க்குள்ளிருந்து பின்வழியாக மூக்குக்குப் போகிற வாசனை. பார்வை, ஒலி, தொடுதல் எல்லாம் மூளையின் மேலடுக்கான புறணிக்குப் போகும் வழியில் தாலமஸ் என்ற சந்திப்பில் இறங்கி ஏறித்தான் போகவேண்டும். வாசனைக்கு அந்தக் கட்டாயம் இல்லை, மிகச் சில தாவல்களில் அமிக்டலாவையும் ஹிப்போகாம்பஸின் வாசலையும் தொட்டுவிடும். ஸ்வீடனில் 2006இல் வில்லாண்டர், லார்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 65 வயதைத் தாண்டியவர்களிடம் வார்த்தை, படம், வாசனை மூன்றில் ஏதாவது ஒரு வகையைக் கொடுத்து என்ன ஞாபகம் வருகிறது என்று கேட்டார்கள். வார்த்தையும் படமும் கிளறிய நினைவுகள் பெரும்பாலும் 11 முதல் 20 வயதுக்குள் குவிந்தன. வாசனை கிளறியவை 10 வயதுக்கு முன்னால் போய் நின்றன. லெயோனி அத்தையின் ஞாயிற்றுக்கிழமைகள் அங்கேதான் இருக்கின்றன.

அந்த 'பத்து முறை' மட்டும் எல்லோருக்கும் இடிக்கிறது. டென்மார்க்கில் டார்த்தே பெர்ன்ட்சன் என்ற உளவியலாளர் 1990களிலிருந்து, தானாக வரும் நினைவுகளை ஆட்களைக் குறிப்பேட்டில் எழுதி வரச் சொல்லி ஆராய்ந்து வருகிறார். அவை அபூர்வமானவை இல்லை, தினமும் பல முறை வருகின்றன, மனம் எதிலும் குவியாமல் சும்மா இருக்கும் நேரத்தில் அதிகம் வருகின்றன, முக்கியமாக எந்தப் பிரயாசையும் இல்லாமல் சட்டென்று வருகின்றன. அப்படியென்றால் ப்ரூஸ்டின் மாட்லென், அவர் பெயரால் ஆய்வுக் கட்டுரைகளில் அழைக்கப்படும் நிகழ்வுக்கே சரியான உதாரணம் இல்லை! வந்தது தானாக, ஆனால் கொண்டுவந்தது உழைப்பு. என் பார்வையில் இதுதான் அந்தப் பக்கங்களின் உண்மையான மதிப்பு: 'வருவது', 'வரவழைப்பது' என்று நாம் போட்ட கோடு நடுவில் அழிந்துபோகும் ஒரு நிலையை, நிமிடக்கணக்கில், அவர் எழுதி வைத்திருக்கிறார்.

இங்கே மெக்லெலண்ட் ஏன் அந்தத் தொகுப்பில் இருக்கிறார் என்பது புரியும். அவரும் இரண்டு சக ஆய்வாளர்களும் 1995இல் முன்வைத்த கோட்பாட்டின்படி மூளைக்கு இரண்டு கற்றல் முறைகள் உண்டு: ஹிப்போகாம்பஸ் ஒரே தடவையில் ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொள்கிறது, மூளைப் புறணி மெதுவாக, பல சம்பவங்களிலிருந்து பொதுவானதைத் திரட்டிக்கொள்கிறது. ஹிப்போகாம்பஸுக்குள் ஒரு பகுதியில் நரம்பணுக்கள் தங்களுக்குள்ளேயே ஏராளமாக இணைந்திருப்பதால், பழைய அமைப்பின் ஒரு மூலை மட்டும் கிடைத்தாலும் மீதியை நிரப்பிக்கொள்ள முடியும் என்பது டேவிட் மார் 1971லேயே சொன்ன யோசனை. ஒரு மூலையைக் கொடுத்தால் முழுக் கோலமும் எழும்புவது. ஜப்பானியக் காகிதம் விரிகிற மாதிரிதான். ஆனால் நிரப்புவது என்றாலே, இல்லாததையும் சேர்த்து நிரப்பும் வாய்ப்பு இருக்கிறது.

ப்ரூஸ்ட் எல்லாவற்றையும் தனியாக அறையில் உட்கார்ந்து உள்ளுணர்வால் கண்டார் என்பதும் பாதிக் கதைதான். அப்பா அட்ரியன் ப்ரூஸ்ட் பெயர் பெற்ற மருத்துவர், நரம்புத் தளர்ச்சி பற்றி ஒரு புத்தகமே இன்னொருவரோடு சேர்ந்து எழுதியவர். 1896இல் 'பருப்பொருளும் நினைவும்' என்ற நூலை எழுதிய தத்துவவாதி பெர்க்சன் அவருடைய உறவுக்காரப் பெண்ணைக் கட்டியவர். பழக்கமாக உடம்பில் தங்கும் நினைவையும் ஒரு குறிப்பிட்ட நாளை அப்படியே கொண்டுவரும் நினைவையும் பெர்க்சன் அந்த நூலில் பிரித்துக் காட்டியிருந்தார். அம்மா இறந்த 1905ஆம் வருட இறுதியில் ப்ரூஸ்ட் பாரிஸ் பக்கத்தில் டாக்டர் பால் சோலியேயின் மருத்துவமனையில் சேர்ந்து சில வாரம் தங்கினார். அந்த சோலியே 1900இல் நினைவு என்ற பிரச்சினை பற்றியே ஒரு நூல் எழுதியவர், பழைய உணர்ச்சிகள் உயிர்பெற்று எழுவதில் ஆர்வம் கொண்டவர். ஆக, இலக்கியத்துக்கும் மூளை மருத்துவத்துக்கும் நடுவே நாம் இப்போது கஷ்டப்பட்டுப் பாலம் போடுகிறோம் என்று நினைப்பதே வேடிக்கை. அந்தக் காலத்தில் அவர்கள் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள். ஆய்வுக்கூட நினைவாராய்ச்சியின் தந்தை எப்பிங்ஹாஸ்கூட, 1885 நூலின் ஆரம்பத்தில், விருப்பம் இல்லாமல் தானாக எழும் நினைவு என்று ஒரு வகையைக் குறிப்பிட்டுவிட்டுத்தான், அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்யப் போனார். பின்னால் வந்தவர்கள் அசைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது குறுக்கு விசாரணைக்கு வருவோம். நாவலில் மாட்லென். ஆனால் அதற்கு முன்னால் ப்ரூஸ்ட் எழுதிப் பார்த்த வடிவத்தில், அவர் இறந்து பல வருடம் கழித்து 1954இல் அச்சான அதில், அது கேக் இல்லை. குளிரில் வீட்டுக்கு வந்தவனுக்கு வயதான சமையல்காரி தேநீரும் வாட்டிய ரொட்டியும் கொடுக்கிறாள், அதிலிருந்து தாத்தா தேநீரில் நனைத்துக் கொடுத்த ரஸ்க் ஞாபகம் வருகிறது. அத்தை தாத்தாவாக இருந்திருக்கிறார், கேக் ரஸ்க்காக இருந்திருக்கிறது. அப்படியானால் எதை நாம் தகவல் என்று எடுத்துக்கொள்வது? மனித வரலாற்றிலேயே மிகப் பிரபலமான ஞாபகம் திருத்தப்பட்ட பிரதி என்றால், அதை வைத்து மூளையைப் பற்றி என்ன பேசுவது?

நாவலை நம்பக்கூடாது என்பவர்களுக்கு இது வசதியான இடம். நான் இதை எதிர்ப்பக்கமிருந்து பார்க்கிறேன். கேம்பிரிட்ஜில் ஃப்ரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலேயர்களிடம் அவர்களுக்குப் பழக்கமில்லாத ஒரு வட அமெரிக்கப் பூர்வகுடிக் கதையைக் கொடுத்து, திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்லக் கதை சுருங்கியது, புரியாத இடங்கள் உதிர்ந்தன, தோணிகள் படகுகள் ஆயின. நினைவு என்பது எடுத்து வைத்த பொருளைத் திரும்ப எடுப்பது இல்லை, ஒவ்வொரு முறையும் கட்டுவது என்று அவர் முடித்தார். 2000இல் கரீம் நாதரும் ஜோசஃப் லெடூவும் சகாக்களும் எலிகளில் இதற்கு ஒரு உடற்கூற்று அடிப்படையைக் காட்டினார்கள். நன்றாகப் பதிந்துவிட்ட ஒரு பயத்தை எலிக்கு ஞாபகப்படுத்திவிட்டு, உடனே புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தை அமிக்டலாவில் செலுத்தினால், பிறகு அந்தப் பயம் காணாமல் போகிறது. ஞாபகப்படுத்தாமல் மருந்தை மட்டும் கொடுத்தால் பயம் அப்படியே இருக்கிறது. அதாவது வெளியே எடுக்கும் நேரத்தில் நினைவு இளகுகிறது, திரும்ப இறுக வேண்டியிருக்கிறது. மனிதர்களிடம் இதே விஷயம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது. ஆனாலும் ரஸ்க் மாட்லெனாக மாறியதை வெறும் இலக்கிய ஜோடனை என்று மட்டும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அது நாம் எல்லோரும் செய்கிற காரியம்; ப்ரூஸ்ட் கைப்பிரதியை விட்டுப்போனதால் மாட்டிக்கொண்டார்.

தான் அப்படிச் செய்வதை எழுதும்போதே ஒப்புக்கொண்டவர் ஆங்கில நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃப். 1939இல் எழுத ஆரம்பித்த நினைவுக் குறிப்பில் தன் முதல் ஞாபகத்தைச் சொல்கிறார்: கறுப்புத் தரையில் சிவப்பும் ஊதாவுமாகப் பூக்கள், அம்மாவின் உடுப்பு, அம்மாவின் மடியில் தான், ரயிலோ பேருந்தோ ஏதோ ஒன்று. செய்ன்ட் ஐவ்ஸ் கடற்கரை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்களாம். உடனே, இல்லை, வெளிச்சத்தைப் பார்த்தால் அது சாயங்காலம், ஆகவே லண்டனுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்திருக்க வேண்டும் என்கிறார். ஆனாலும் போய்க்கொண்டிருந்ததாக வைத்துக்கொள்வதுதான் எழுத வசதி, ஏனென்றால் அடுத்த ஞாபகம் செய்ன்ட் ஐவ்ஸில் படுத்தபடி அலைச்சத்தம் கேட்டது! ஒரே பத்தியில் ஞாபகம், அந்த ஞாபகத்தின் மேல் சந்தேகம், சந்தேகத்துக்கு ஆதாரம், பிறகு தெரிந்தே செய்த திருத்தம். நிறமும் மடியும் ஆட்டம் காணவில்லை, ரயிலின் திசை மட்டும் கதையின் தேவைக்கு வளைந்துகொடுக்கிறது. எது இறுகிய பகுதி, எது நிரப்பிய பகுதி என்று இவ்வளவு நேர்மையாகக் கோடு போட்டுக் காட்டும் ஆள் ஆய்வுக்கூடத்துக்குக் கிடைப்பது கஷ்டம்.

இதற்கு நேர் எதிரான நிலையும் ஒரு நாவலில் இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ஃபாக்னரின் 1929 நாவலில் முதல் பகுதியைச் சொல்லும் பெஞ்சிக்கு 33 வயது, மனவளர்ச்சி இல்லை, பேச்சு இல்லை. வேலி இடுக்கில் நுழையும்போது ஆணியில் துணி மாட்டிக்கொள்கிறது. அடுத்த வரியில் மாட்டிய துணியை விடுவிப்பது அக்கா கேடி, பல வருடம் முன்னால், அவன் சிறுவனாக இருந்தபோது. நடுவில் 'ஞாபகம் வந்தது' என்ற சொல் கிடையாது, ஏனென்றால் பெஞ்சிக்கு ஞாபகம் வருவதே இல்லை, அவனைப் பொறுத்தவரை கேடி இப்போதுதான் இருக்கிறாள். பக்கத்து மைதானத்தில் கோல்ஃப் ஆடுபவர்கள் 'கேடி' என்று மட்டை தூக்குபவனைக் கூப்பிட்டால் இவன் அழுகிறான். எண்டெல் டல்விங் என்ற கனடா உளவியலாளர், உலக விவரங்களின் நினைவையும் சொந்த அனுபவங்களின் நினைவையும் 1972இல் பிரித்தவர், பின்னால் 1985இல் இன்னொன்றையும் சேர்த்தார்: சொந்த அனுபவத்தை நினைக்கும்போது 'இது அன்றைக்கு நடந்தது, இப்போது நான் அதை நினைக்கிறேன்' என்ற ஒரு உணர்வும் கூடவே இருக்கிறது. அதைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்டால் பெஞ்சியின் பக்கங்களைக் காட்டலாம். ஃபாக்னர் சோதனை எதுவும் செய்யவில்லை, இது கற்பனைதான், ஆனால் கேள்வியைத் துல்லியமாக்கும் கற்பனை.

அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸின் கதையில் வரும், எதையும் மறக்க முடியாத ஃபூனெஸைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதனால் ஒன்றே ஒன்று. ஒரு குறிப்பிட்ட நடிகையின் வெவ்வேறு படங்களைக் காட்டும்போது துடிக்கும் ஒற்றை நரம்பணுவை 2005இல் அறிவித்த கிரோகா என்ற அர்ஜென்டினா நரம்பியலாளர், பிறகு போர்ஹெஸும் நினைவும் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். அவருக்கு அந்தக் கதையில் கிடைத்தது, ஒவ்வொரு விவரத்தையும் வைத்துக்கொண்டால் பொதுமைப்படுத்தவே முடியாது, யோசிக்க மறக்க வேண்டும் என்பது. இலக்கியத்திலிருந்து மூளைக்குப் போனவர் நல்பான்டியன், மூளையிலிருந்து இலக்கியத்துக்கு வந்தவர் இவர்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. பிரிட்டிஷ் மருத்துவரும் தத்துவ எழுத்தாளருமான ரேமண்ட் டாலிஸ் இந்த வகை விமர்சனத்தை 2008லிருந்தே கடுமையாகத் திட்டி வருகிறார். கவிதையைப் படித்து வரும் அனுபவத்தை நரம்பணுக்களின் பெயரால் விளக்குவது கவிதையையும் விளக்கவில்லை, மூளையையும் விளக்கவில்லை, கேட்க விஞ்ஞானம் மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான் என்பது அவர் வாதம். பாதி ஏற்றுக்கொள்கிறேன். 'ப்ரூஸ்டுக்கு ஹிப்போகாம்பஸ் வேலை செய்தது' என்று சொல்வதில் ஒரு சத்தும் இல்லை, எல்லோருக்கும்தான் வேலை செய்கிறது. மூளை பற்றிய அறிவும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 1975இல் ஸ்காட்லாந்தில் முக்குளிப்பவர்களை வைத்துச் செய்த புகழ்பெற்ற சோதனை, தண்ணீருக்குள் கற்றது தண்ணீருக்குள்தான் நன்றாக ஞாபகம் வரும் என்று பாடப்புத்தகமெல்லாம் சொல்வது, 2021இல் திரும்பச் செய்து பார்த்தபோது அதே முடிவு வரவில்லை. அன்றைய நரம்பியலை அப்படியே நம்பி ஒரு நாவலுக்கு விளக்கம் எழுதினால் விளக்கம் நாவலுக்கு முன்னால் செத்துவிடும். நல்பான்டியனின் 2003 புத்தகத்திலும் அப்படி வயதான பக்கங்கள் இருக்கின்றன. ரூசோவின் பூவுக்கு மட்டும் வயதாகவில்லை.

ஆனால் எதிர்த்திசையில், நாவல் கேள்வி கேட்க ஆய்வுக்கூடம் பதில் தேடும்போது நிலைமை வேறு. 2007இல் லண்டனில் டெமிஸ் ஹசாபிஸும் (பின்னாளில் டீப்மைண்ட் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், 2024இல் வேதியியல் நோபலும் வாங்கியவர்) குழுவினரும் ஹிப்போகாம்பஸ் சேதமடைந்த 5 நோயாளிகளிடம் பழையதைக் கேட்கவில்லை. ஒரு கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்து விவரியுங்கள் என்றார்கள். பெரும்பாலானவர்களால் முடியவில்லை, மணல், கடல் என்று துண்டுகள் வந்தன, ஒரு காட்சியாகக் கூடவில்லை. கடந்ததை நினைப்பதற்கும் நடக்காததைக் கற்பனை செய்வதற்கும் மூளையில் பெரும்பாலும் ஒரே பட்டறை என்ற யோசனை இதனால் வலுப்பட்டது. ஒரு நாவலாசிரியருக்கு இது செய்தியே இல்லை, அவர் தொழிலே அதுதான். தமிழுக்கும் செய்தி இல்லை என்று சொல்லத் தோன்றுகிறது: 'உன்னை நினைத்தேன்', 'அப்படித்தான் என்று நினைத்தேன்', 'நாளைக்குப் போகலாம் என்று நினைக்கிறேன்'. நினைவு, யூகம், திட்டம், மூன்றுக்கும் ஒரே வினை.

இன்னும் யாரும் சரியாகச் செய்யாத சோதனை ஒன்று அந்தப் பத்து முயற்சியில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்கேனருக்குள் படுத்திருப்பவருக்கு ஒரு குழாய் வழியாக வாயில் ஒரு துளி விடுகிறார்கள், சில வினாடிகளில் பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள், அடுத்த துளி. தலை அசையக் கூடாது. ப்ரூஸ்டின் ஆள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, காதைப் பொத்தி, வேறு எதையோ நினைத்து, மறுபடி ஆரம்பிக்கிறான். அவனை அந்த இயந்திரத்துக்குள் படுக்க வைத்திருந்தால் மூன்றாவது வாயோடு, 'ஞாபகம் எதுவும் வரவில்லை' என்ற பொத்தானை அழுத்தியிருப்பான்.